ஊர் போட்ட சோறு

உத்திரமேரூர் என்றாலே எல்லாருக்கும் குடவோலைதான் ஞாபகம் வரும். பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 919, 921, பாடப்புத்தகத்திலேயே படித்துவிட்டோம். அதிக தூரமில்லாத திருமுக்கூடலை யாரும் சொல்வதில்லை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். அங்கே பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 11-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கல்லூரி, மாணவர் விடுதி, 15 படுக்கை ஆஸ்பத்திரி! பையன்களுக்குச் சாப்பாடு மட்டுமா, பாய், விளக்கு, சனிக்கிழமைக்கு எண்ணெய் வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். நம்ம ஹாஸ்டலில்கூட எண்ணெய் தந்ததில்லை! ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. அங்கே படித்தது பெரும்பாலும் வேதமும் இலக்கணமும். குடியானவன் பிள்ளைக்கும் சேரிப் பிள்ளைக்கும் அந்தப் பந்தியில் இலை கிடையாது.

அந்த இலை விழ இருபதாம் நூற்றாண்டு ஆயிற்று. 1920-ல் நீதிக்கட்சியின் தியாகராயச் செட்டியார் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பகலுணவு போட்டது. அது பட்டணத்தோடு நின்றது. கிராமத்துக்குச் சோறு வந்தது காமராஜர் ஆட்சியில், 1956-ல். அப்போது கல்வித்துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. அந்த 'நெ' என்ன தெரியுமா? நெய்யாடுபாக்கம். நம்ம மாவட்டம்தாங்க!

முதலில் இது அரசாங்கச் சோறு இல்லை. ஊர் போட்ட சோறு. அரிசி, பருப்பு, விறகு எல்லாம் ஊராரே கொடுத்தார்கள், வாத்தியார்கள் முன்னால் நின்று நடத்தினார்கள். 1957 நவம்பரிலிருந்துதான் அரசு மானியம். ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு: ஆறு அரசு, நாலு ஊர். என்ஜினீயர் புத்தி, கணக்குப் போடாமல் விடாது. வருஷத்துக்கு 200 நாள் என்றால் ஒரு பிள்ளைக்கு ஊர் தரவேண்டியது எட்டு ரூபாய். நூறு பிள்ளைகளுக்கு எண்ணூறு! மழை பொய்த்த வருஷத்தில் ஏரிப் பாசனத்து ஊர் அதற்கு எங்கே போகும்? என் அபிப்பிராயத்தில் திட்டத்தின் பலமும் அந்த நாலு காசுதான், பலவீனமும் அதுதான்.

1958-ல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஆரம்பித்தன. முதல் மாநாடு அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில். ஊர்க்காரர்கள் மேசை, நாற்காலி, கட்டடம், சீருடை என்று வாரிக் கொடுத்தார்கள். 1961-ல் அமெரிக்காவின் 'கேர்' நிறுவனம் பால் பவுடரும் எண்ணெயும் அனுப்பியது. அந்தப் பவுடரைக் கரைத்துக் குடித்தவர்கள் நம் சீனியர்களில் நிறைய பேர். கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு கதை சொல்வார்கள். வெளிநாட்டு உதவியால்தான் எல்லாம் நடந்தது என்று சிலர் பேசுவதுண்டு. அது தப்பு. அவர்கள் வந்தபோது இங்கே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். இதைச் சத்துணவாக விரித்தார். தனி அமைப்பாளர், தனிச் சமையல்காரர் வந்தார்கள். 2001-ல் எல்லா மாநிலமும் சமைத்த சோறே போடவேண்டும் என்று உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. 2022-ல் தமிழ்நாட்டில் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்துகொண்டது. நாலு காசு கேட்டு ஊர் ஊராகப் போன காலம் முடிந்துவிட்டது. அதை நடத்திக் காட்டிய நெய்யாடுபாக்கத்துக்காரரே தன் கதையை 'நினைவு அலைகள்' என்று எழுதி வைத்திருக்கிறார். இப்போது படிக்கிற தம்பி தங்கைகள் லைப்ரரியில் கிடைத்தால் எடுத்துப் படியுங்கள். தடிமனைப் பார்த்துப் பயப்படவேண்டாம்.