மூணாறு கிறிஸ்து தேவாலயம்

மூணாறு கிறிஸ்து தேவாலயம், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், பழைய மூணாற்றில் ஒரு குன்றின் சரிவில் உள்ள கருங்கல் கட்டடம். போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறை, தேவிகுளம் வழியாகச் செல்பவர்கள் இதைக் காணலாம். 1910இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1911இல் திறக்கப்பட்டது. கட்டியவர்கள் பிரித்தானியத் தேயிலைத் தோட்டத்தார்.

இங்கு முதலில் வந்தது கல்லறை. தேவாலயம் பின்னரே வந்தது. தோட்ட மேலாளர் ஹென்றி மான்ஸ்ஃபீல்ட் நைட்டின் இளம் மனைவி எலினார், மலைக்கு வந்த சிறிது காலத்திலேயே 1894இல் காலராவால் இறந்தார். இறந்தால் இந்தக் குன்றில்தான் புதைக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்ததாக ஒரு கதை உண்டு. அவரை அடக்கம் செய்த குன்றின் சரிவில்தான் பதினாறு ஆண்டுகள் கழித்து அடிக்கல் விழுந்தது.

பழைய கல் தேவாலயம் எதைக் கண்டாலும் 'கோதிக்' என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவது மாணவர் வழக்கம். இங்கே அது சரிதான். ஆனால் காரணம் தெரிய வேண்டும். 1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மானியர்கள் எழுப்பிய பேராலயங்களில் அரைவட்ட வளைவுகள், பருத்த தூண்கள், தடித்த சுவர்கள், சிறு சன்னல்கள் இருக்கும். 1093இல் தொடங்கிய டர்ஹாம் பேராலயம் இதற்குச் சிறந்த சான்று. கல்லாலான வளைகூரையின் பாரத்தைத் தாங்கவே அந்தத் தடிமன். பின்னர் பிரான்சில் பிறந்த கோதிக் முறை, கூர்வளைவால் பாரத்தைத் தூண்களுக்கு இறக்கி, சுவரை மெலிதாக்கி, வண்ணக் கண்ணாடிக்கு இடம் தந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியர் இம்முறையை மீட்டெடுத்துத் தம் குடியேற்றங்களுக்கெல்லாம் கொண்டு சென்றனர். மூணாறு அதன் எளிய வடிவம். வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் உண்டு. பேராலயங்களின் கல் வளைகூரை இல்லை.

உட்சுவர்களில் உள்ள பித்தளைத் தகடுகள் தோட்டத்தாரை நினைவுகூர்கின்றன. 1908இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் சிறு ரயில் ஓடியது. தேயிலை அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கிப் போடி சேர்ந்தது. 1924 வெள்ளம் அந்த ரயிலை அழித்தது. குன்றின் மேலிருந்த தேவாலயம் தப்பியது. தேயிலையைப் பறித்துச் சுமந்த தமிழ்த் தொழிலாளர்களின் பெயர்களை அந்தத் தகடுகளில் தேடிப் பயனில்லை. ஆனால் இன்று அங்கே ஆங்கிலம், மலையாளத்தோடு தமிழிலும் வழிபாடு நடக்கிறது.