எங்க வந்துட்டிருக்கீங்க?

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். தலைச்சோலையில் இருக்கும் என் அம்மாவுக்கு அந்த எண்களெல்லாம் சமையல் நேரம். அக்கா வீட்டார் காரில் ஏறி வருகிறார்கள் என்றால், பத்தாவது வளைவில் உலை வைப்பாள். பதினெட்டில் ரசம் தாளிப்பாள். போன் திரையில் அக்காவின் வட்டப் படம் மலைப்பாதையில் ஊர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டே இதெல்லாம் நடக்கும்.

இந்த வட்டப் படம் வருவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. அடிவாரத்தில் ஒரு மிஸ்டு கால்; மேலே ஏரிக்கரை வந்ததும் இன்னொன்று. மறந்தும் எடுத்துவிடக் கூடாது, எடுத்தால் காசு போச்சு. நடுவில் யாரும் கூப்பிடக் கூடாது, ஓட்டுகிறவருக்குக் கவனம் சிதறும். முதல் மணி அடித்ததும் அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். மிச்சத்தை மனக்கணக்காகவே போட்டுவிடுவாள்.

‘லொகேஷன் ஷேர்’ பிறந்த கதையைச் சொல்கிறவர்கள் செயற்கைக்கோளில்தான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது மிஸ்டு காலில் பிறந்தது. பயணம் போகிறவரே தகவல் கொடுக்கிறார், விரும்பியவருக்கு மட்டும் கொடுக்கிறார், வீடு வந்ததும் அது தானாக முடிந்துபோகிறது. இந்த மூன்றையும் போனுக்குள் கொண்டுவரப் பெரிய கம்பெனிகளுக்குப் பல வருடம் பிடித்தது.

செயற்கைக்கோளின் பங்கு இல்லாமலும் இல்லை. ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்துக்காக உருவானது. 1983 செப்டம்பரில் பாதை தவறி சோவியத் வான்வெளிக்குள் போன கொரிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டார்கள். அதன் பிறகுதான் ஜி.பி.எஸ்.ஸைப் பொதுமக்களும் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க அதிபர் ரீகன் அறிவித்தார். கொடுத்தபோதும் கலப்படம் செய்தே கொடுத்தார்கள். பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே சுமார் 100 மீட்டர் வரை பிழை சேர்த்திருந்தார்கள். 2000 மே மாதம் கிளின்டன் அந்தக் கலப்படத்தை நிறுத்தினார். மலைப்பாதைக்காரர்களுக்கு இது சாதாரண விஷயமில்லை. ஏற்காட்டுப் பாதையில் ஒரு வளைவுக்கு நேர் மேலேயே அடுத்த பாதை ஓடும். 100 மீட்டர் பிழை என்றால் கார் எந்த அடுக்கில் இருக்கிறது என்றே தெரியாது. பக்கத்துக் காப்பித் தோட்டத்துக்குள் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஓடுவதுபோலக் காட்டும். இப்போதும் சில சமயம் அக்காவின் படம் ஒரு அடுக்கிலிருந்து அடுத்ததற்குக் குதிக்கும். “ஏண்டி, காரு பறக்குதா?” என்பாள் அம்மா.

தான் இருக்கும் இடம் போனுக்குத் தெரிவது ஒன்று, அதைப் பிறருக்குச் சொல்வது வேறொன்று. நியூயார்க்கில் டென்னிஸ் கிரௌலியும் அலெக்ஸ் ரெய்னர்ட்டும் உருவாக்கிய டாட்ஜ்பால் என்ற சேவை, ஜி.பி.எஸ்.ஸே இல்லாமல் இந்த இரண்டாவது வேலையைச் செய்தது. இன்ன கடையில் இருக்கிறேன் என்று ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், அது நண்பர்களுக்குப் போய்ச்சேரும். கிட்டத்தட்ட நம் மிஸ்டு கால்தான், காசு கொடுத்துச் செய்தது. 2005இல் கூகுள் அதை வாங்கியது, 2009இல் மூடியது. அதே 2009 பிப்ரவரியில் லேட்டிட்யூட் என்ற தன் சொந்தச் சரக்கைக் கொண்டுவந்தது.

லேட்டிட்யூடைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒருவருக்கு அழைப்பு அனுப்பி, அவர் ஒப்புக்கொண்டால் வரைபடத்தில் அவர் படம் தெரியும். பிளாக்பெர்ரி, நோக்கியாவின் சிம்பியன், விண்டோஸ் மொபைல் என்று பல ஜாதிப் போன்களிலும் ஓடியது. அன்றைக்குப் பல போன்களில் ஜி.பி.எஸ். கிடையாது, பக்கத்து டவரை வைத்துத் தோராயமாக இடம் சொல்லும் வித்தையை கூகுள் 2007 நவம்பரிலேயே வரைபடத்தில் சேர்த்திருந்தது. மலைமுகத்தில் நிற்கும் போன் சேலத்து டவரைப் பிடித்துக்கொண்டால், ஏற்காட்டில் இருப்பவர் அஸ்தம்பட்டியில் இருப்பதாகத்தான் அந்த வித்தை சொல்லும்.

லேட்டிட்யூடில் எனக்கு மிகவும் பிடித்த வசதி இரண்டு. ஊர்ப் பெயரை மட்டும் காட்டி, தெருவை மறைக்கலாம். இன்னொன்று, இருக்கும் இடத்தை நாமே கையால் குறிக்கலாம். அதாவது, பொய் சொல்லலாம். குடும்பம் என்றால் என்னவென்று தெரிந்த யாரோ ஒரு பொறியாளர் அதை வைத்திருக்க வேண்டும்.

வந்த வேகத்திலேயே எதிர்ப்பும் வந்தது. போனைச் சில நிமிடம் கையில் வாங்கிய கணவனோ முதலாளியோ அதன் உரிமையாளருக்குத் தெரியாமல் இதை முடுக்கிவிட முடியும் என்று பிரைவசி இன்டர்நேஷனல் என்ற அமைப்பு எச்சரித்தது. நியாயமான பயம். ஒருமுறை போட்டால் நாமாக நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும் சங்கதி அது. போட்டது மறந்துபோகும், பார்க்கிறவருக்கு மட்டும் மறக்காது. 2013 ஆகஸ்டில் லேட்டிட்யூடை மூடிவிட்டார்கள்.

இதற்கிடையில் ஆப்பிள் தன் வீட்டுக்குத் தனிக் கதவு போட்டுவிட்டது. 2011இல் வந்த ‘ஃபைண்ட் மை ஃப்ரெண்ட்ஸ்’ ஐபோன்காரர்களுக்குள் மட்டுமே செல்லுபடியானது. எங்கள் குடும்பத்தில் அக்காவிடம் ஐபோன், மாமாவிடமும் அம்மாவிடமும் ஆண்ட்ராய்டு, அப்பாவிடம் இன்றைக்கும் பட்டன் போன். நாலு பேர், மூன்று ஜாதி. அக்காவின் போனும் அம்மாவின் போனும் ஒரே மேஜையில் பக்கத்தில் கிடந்தாலும் ஒன்றுக்கொன்று வழி சொல்லாது. கலப்புத் திருமணம் போல, இரண்டு பேரும் மூன்றாவது இடத்தில்தான் சந்திக்க வேண்டியிருந்தது.

அந்த மூன்றாவது இடம் 2017இல் அமைந்தது. மார்ச்சில் கூகுள் வரைபடத்துக்குள்ளேயே இருப்பிடப் பகிர்வு வந்தது, ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும். அக்டோபரில் வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன். அப்பாவைத் தவிர எல்லோரிடமும் ஏற்கெனவே வாட்ஸ்அப் இருந்ததால், புதிதாக எதையும் இறக்கச் சொல்லி அம்மாவிடம் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

வாட்ஸ்அப் ஒரு கேள்வி கேட்டது: எவ்வளவு நேரம்? 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம். நிரந்தரம் என்ற தேர்வே கிடையாது. ஒரு மணி நேரம், இன்று முழுக்க, எப்போதும் என்று ஆப்பிள் தன் மெசேஜஸில் 2014லேயே கேட்டிருந்தது. கூகுள் வரைபடத்திலும் நேரம் குறிக்கலாம். ஆனால் ‘எப்போதும்’ இருக்கும் இடத்தில் மாமியாரோ அம்மாவோ அதைத்தான் அழுத்தச் சொல்வார்கள். “எதுக்கு ஆஃப் பண்ணின?” என்று ஒருவர் கேட்க முடிகிற வீட்டில், ஆஃப் பண்ணும் பொத்தான் இருந்து என்ன லாபம்? நேரம் முடிந்து தானாக நின்றால் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். மிஸ்டு காலின் மூன்றாவது குணம் எங்கள் வீட்டுப் போன்களுக்குள் வந்தது அப்போதுதான். செயற்கைக்கோளைவிட இந்தக் கடிகாரத்தைத்தான் நான் பெரிய கண்டுபிடிப்பாக நினைக்கிறேன்.

சம்மதம் இல்லாமல் பின்தொடரும் வேலையும் கூடவே வளர்ந்தது. 2021இல் ஆப்பிள் ஏர்டேக் விற்க ஆரம்பித்தது. சாவிக்கொத்தில் மாட்ட வேண்டியதை அடுத்தவர் பையில் போட்டுவிடும் கதைகள் வந்தன. போட்டிக் கம்பெனிகளான ஆப்பிளும் கூகுளும் 2024 மே மாதம் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தன: அறியாத டிராக்கர் ஒன்று கூடவே வந்தால், ஐபோனானாலும் ஆண்ட்ராய்டானாலும் போன் எச்சரிக்கும். குடும்பத்தாருக்கு வழி காட்டச் சேராதவர்கள், வேவு பார்ப்பதைக் காட்டிக்கொடுக்கச் சேர்ந்தார்கள்.

மலையில் இன்னொரு சிக்கல் உண்டு. ஜி.பி.எஸ்.ஸுக்கு டவர் வேண்டாம். வானம் தெரிந்தால் போதும். ஆனால் அந்த இடத்தை அம்மாவுக்கு அனுப்ப டவர் வேண்டும். வளைவுகளில் சிக்னல் விட்டுப்போகும். அப்போது அக்காவுக்குத் தான் எங்கே என்று தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. படம் உறைந்துபோய், கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று மட்டும் காட்டும். சில நாள் குற்றம் டவருடையதும் அல்ல. ஐபோனில் ‘ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்’ என்று அனுமதி கொடுத்திருந்தாலும், ஆண்ட்ராய்டில் பேட்டரி சேமிப்பு போட்டிருந்தாலும் படம் நின்றுபோகும். எது காரணமென்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்கவே முடியாது.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றபோது, உறைந்துபோகும் படத்துக்கு வேறு அர்த்தம் இருந்தது. அன்றைக்கு அப்பா தன் பட்டன் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணி அடித்தால் போதும் என்றார்.

போன மாதம் அக்காவும் மாமாவும் வந்தார்கள். ஓட்டியது மாமா, லொகேஷன் போட்டதும் அவர்தான், எட்டு மணி நேரத்துக்கு. சாப்பாடு பரிமாறும்போது அம்மா கேட்டாள்: “அடிவாரத்துக்கு முன்னாடி, கோரிமேட்டுக்கிட்ட அரை மணி நேரம் நின்னுட்டீங்களே மாப்பிள்ளை, வண்டிக்கு ஏதும் ஆச்சா?”

மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா ரசத்தைப் பார்த்தாள்.

“பரோட்டா சாப்பிட்டோம் அத்தை.”

இலையில் சோறு அப்படியே இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கை கழுவ எழுந்தபோது மாமா என் காதில் மெல்லச் சொன்னார்: “அடுத்த தடவை அடிவாரம் வந்துதான் போடுவேன். பதினஞ்சு நிமிஷத்துக்கு.”