ஒரே தேர்வு, பல வினாத்தாள்கள்: ஆந்திர நுழைவுத் தேர்வில் மதிப்பெண் சமன்படுத்தப்படுவது எப்படி?

பாகாலாவைச் சேர்ந்த இரு மாணவர்கள் ஆந்திரப் பிரதேசப் பொறியியல் நுழைவுத் தேர்வில் தலா 100 மதிப்பெண் பெற்றாலும், அவர்களது தரவரிசை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தற்போது ‘ஈஏபிசெட்’ எனப்படும் இத்தேர்வு (முன்பு எம்செட்), 2017 முதல் கணினி வழியில் பல நாள்களில், காலை, பிற்பகல் என இரு வேளைகளாக நடத்தப்படுகிறது. ஒவ்வொரு வேளைக்கும் வினாத்தாள் வேறு. ஆகவே 160-க்குப் பெற்ற மதிப்பெண் அப்படியே ஏற்கப்படாமல், ‘நார்மலைசேஷன்’ எனப்படும் சமன்படுத்தலுக்கு உட்படுத்தப்படுகிறது.

இதற்கு இரு அளவுகோல்கள் உள்ளன. ஒன்று, சராசரி மதிப்பெண்ணுடன் திட்டவிலக்கத்தைக் கூட்டி வரும் தொகை. மற்றொன்று, முதல் 0.1 சதவீதத் தேர்வர்களின் சராசரி. இரண்டும் அந்தந்த வேளைக்குத் தனியாகவும், அனைத்து வேளைகளுக்கும் சேர்த்தும் கணக்கிடப்படுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு (எண்கள் கற்பனையே): அனைத்து வேளைகளுக்குமான அளவுகள் 76, 148, கடினமான ஒரு வேளையில் அவை 70, 145 என்க. அந்த வேளையில் 100 பெற்றவர் 70-ஐ விட 30 கூடுதல். அந்த 30-ஐ 72/75 என்ற விகிதத்தால் பெருக்கினால் 28.8, அதனுடன் 76-ஐக் கூட்ட, 104.8 கிடைக்கிறது. எளிதான வேளையில் அளவுகள் 82, 154 எனில், அதே 100 மதிப்பெண் 94 ஆகக் குறைந்துவிடும். மதிப்பெண்கள் நெருங்கிக் குவிந்திருக்கும் நடுப்பகுதியில் இந்த வேறுபாடு கல்லூரியையே மாற்றிவிடக்கூடியது.

எல்லா வேளைகளிலும் தேர்வர்களின் திறன் ஏறத்தாழ ஒன்றே என்ற அனுமானம்தான் இம்முறையின் அடித்தளம். அதன் பலவீனமும் அதுவே. ஒரு வேளையில் சராசரி குறைந்தால், காரணம் வினாத்தாளா, தேர்வர்களா என்பதைச் சூத்திரம் பிரித்தறியாது. எல்லா வினாத்தாள்களிலும் சில பொது வினாக்களை வைத்தால் அதை அறியலாம். ஆனால் முதல் வேளையிலேயே அவை வெளியே தெரிந்துவிடும். ஜேஇஇ மெயின் தேர்வில் 2019 முதல் பின்பற்றப்படும் பெர்சன்டைல் முறைக்கும் இந்த அனுமானமே துணை. முதுநிலை நீட் தேர்வை இரு வேளைகளாக நடத்தும் திட்டத்தை ஏற்காத உச்ச நீதிமன்றம், ஒரே வேளையில் நடத்துமாறு 2025 மே 30-இல் உத்தரவிட்டது. ஆகஸ்ட் 3-இல் அவ்வாறே நடந்தது.

பாகாலாவிலிருந்து ரயிலில் காட்பாடி வந்தால், பொறியியலுக்கு நுழைவுத் தேர்வே இல்லை; தமிழகம் அதை 2007-08 கல்வியாண்டு முதல் கைவிட்டது. எனினும் சமன்படுத்தல் இங்கும் உண்டு. ஒரு பாடத்தில் மாநில வாரியத்தின் உச்ச மதிப்பெண் 100, பிற வாரியத்தின் உச்சம் 95 எனில், அங்கு 76 பெற்றவருக்கு 80 எனக் கணக்கிடப்படும்.