மறக்கத் தெரிந்த பூட்டு

சாவி என்ற சொல்லை நமக்குத் தந்தவர்கள் போர்த்துக்கீசியர்கள். திறவுகோல் என்பது அதற்கு முன்பே நம்மிடம் இருந்த சொல். இரண்டுமே கையில் பிடிக்கத்தக்க ஒரு பொருளின் பெயர்கள். விடுமுறைக்கு வருவோருக்கு வாடகைக்கு விடப்படும் வீடுகளில் இன்று அந்தப் பொருள் மறைந்துவருகிறது. விருந்தினரின் கைப்பேசிக்குச் சில இலக்கங்கள் வருகின்றன. அவற்றை அழுத்தினால் கதவு திறக்கிறது. வீட்டுக்காரரின் முகத்தைப் பாராமலே அவர் தங்கி, பாராமலே புறப்பட்டுவிடலாம். இத்தகைய பூட்டை வாங்க முனைவோர் விலையையும் விளம்பரத்தையும் ஒப்பிடுகின்றனர். அதன் வரலாற்றையும் சற்றே புரட்டிப் பார்ப்பது நல்லது என்பது என் எண்ணம்.

சாவியில்லாப் பூட்டு நேற்று முளைத்ததன்று. தியார்பக்கிர் அரசவையில் பணியாற்றிய பொறிவல்லுநர் அல் ஜசரி, 1206இல் நிறைவுசெய்த தம் நூலில், எழுத்து வட்டங்களைத் திருப்பித் திறக்கும் பேழைப் பூட்டு ஒன்றை விவரித்திருக்கிறார். பூட்டின் இரகசியம் கையைவிட்டு மனத்துக்குள் குடியேறியது. ஆனால் இரகசியம் வெளிப்பட்டுவிட்டால் என்ன செய்வது? 1857இல் அமெரிக்கரான ஜேம்ஸ் சார்ஜென்ட், உரிமையாளரே எண்ணை மாற்றிக்கொள்ளத்தக்க பெட்டகப் பூட்டை உருவாக்கினார்.

பெட்டகத்திற்கு உரிமையாளர் ஒருவர்தான். விடுதி அறைக்கோ நாளொரு உரிமையாளர். சாவியைத் திருப்பித் தந்தவர் அதற்குப் படி எடுத்துக்கொண்டாரா என்று யாராலும் சொல்ல முடியாது. 1974 நவம்பரில் நியூயார்க் மாநிலத்து விடுதி ஒன்றில் பாடகி கான்னி பிரான்சிஸ் கொடுமையான தாக்குதலுக்கு உள்ளானார். கதவுகள் போதிய பாதுகாப்பு அளிக்கவில்லை என்று அவர் தொடுத்த வழக்கில் 1976இல் பெருந்தொகை இழப்பீடாக விதிக்கப்பட்டது. பூட்டு என்பது விருந்தினருக்கு விடுதிக்காரர் பட்ட கடன் என்பதை அத்தொழிலுக்கு உணர்த்திய வழக்கு அது.

ஏறத்தாழ அதே காலத்தில் நார்வே நாட்டுப் பூட்டுத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்த தோர் சோர்னஸ், துளையிட்ட அட்டையால் திறக்கும் விடுதிப் பூட்டைக் கண்டுபிடித்தார். அட்டையில் துளைக்கான இடங்கள் 32. ஒவ்வோர் இடத்திலும் துளை இருக்கலாம் அல்லது இல்லாதிருக்கலாம். ஆகவே ஏறத்தாழ 429 கோடி வேறுபாடுகள் கிடைக்கும். எண்ணிக்கையைவிட முக்கியமானது இன்னொன்று: புதிய விருந்தினர் வந்ததும் பூட்டின் குறியீட்டை மாற்றிவிடலாம். சென்றவரின் அட்டை அக்கணமே வெற்று அட்டையாகிவிடும். பூட்டு மறக்கக் கற்றுக்கொண்டது. இன்றைய வாடகை வீடுகளின் எண்பூட்டுகள் யாவும் இம்மறதியின் வாரிசுகள் எனலாம்.

வாரிசுகளுக்கு நோய்களும் உண்டு. 2017 ஆகஸ்டில் லாக்ஸ்டேட் என்னும் அமெரிக்க நிறுவனம் இணையம் வழியே தவறான மென்பொருளை அனுப்பியதால் ஏறத்தாழ ஐந்நூறு பூட்டுகள் செயலிழந்தன. அவற்றுள் பல இவ்வகை வாடகை வீடுகளில் இருந்தவை. பழைய விருந்தினரை மறக்க வேண்டிய பூட்டு உரிமையாளரையே மறந்துவிட்டது. கைச்சாவி வைத்திருந்தவர்கள் உள்ளே போனார்கள். 2018இல் பின்லாந்து ஆய்வாளர் இருவர், சோர்னஸின் பூட்டு வழிவந்த மின்னணுப் பூட்டு வகை ஒன்றில், காலாவதியான ஓர் அட்டையிலிருந்தே விடுதி முழுவதற்குமான தலைமைச் சாவியை உருவாக்கலாம் என்று மெய்ப்பித்தனர். மறந்துவிட்டதாக நாம் நம்பியது முழுமையாக மறக்கப்படவில்லை.

ஆகவே தேர்வு செய்பவர் கேட்கவேண்டிய கேள்விகளை வரலாறே எடுத்துக் கொடுக்கிறது. ஒவ்வொரு விருந்தினருக்கும் தனி எண் தந்து, அவர் சென்றதும் அழிக்க இயலுமா? நான்கு இலக்க எண்ணுக்குப் பத்தாயிரம் வாய்ப்புகள் உண்டு. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஒரே எண்ணை அழுத்தி நான்கு பொத்தான்கள் மட்டும் தேய்ந்திருந்தால், அவற்றைக் காண்பவருக்கு எஞ்சுவன 24 மட்டுமே. இணையம் அறுந்தாலும் கதவு திறக்குமா? மின்கலம் தீர்ந்தால் மாற்று வழி என்ன? பழைய சாவித்துளை மிச்சமிருக்கிறதா? அதற்குரிய சாவி, கூப்பிட்டால் வரக்கூடிய தொலைவில் வாழும் ஒருவரிடம் இருக்கிறதா?

இறுதிக் கேள்வியையே நான் முதன்மையானதாகக் கருதுகிறேன். 2024 நவம்பரில் இத்தாலிய உள்துறை அமைச்சகம், விருந்தினரை நேரில் பார்த்தே அடையாளம் உறுதிசெய்ய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தது. பின்னர் அது நீதிமன்றம் வரை சென்றது. பாதுகாப்புக்காகச் சொல்லப்பட்டது எனினும், அதில் பழைய வழக்கம் ஒன்றின் நினைவும் இருக்கிறது. சாவியைக் கொடுக்கும்போது இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வழி சொன்னார்கள், நீர் எங்கே கிடைக்கும் என்று சொன்னார்கள்.

விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள்; விருந்தினர் புதியவர். புதியவரை வரவேற்கப் பழையவரை மறக்கும் பூட்டு தேவைதான். ஆனால் நள்ளிரவு மழையில், திறவாத கதவின் முன் குழந்தையுடன் நிற்பவருக்கு எண்கள் உதவா. அழைத்தால் விளக்கை எடுத்துக்கொண்டு வரும் ஒருவர் வேண்டும். பூட்டை வாங்குமுன் அவரைத் தேடிக்கொள்வது நன்று.