வங்கிகளின் ஒப்பந்தச் சுதந்திரமும் சட்ட வரம்புகளும்

கடன், வைப்பு, உத்தரவாதம், பெட்டக வாடகை ஆகியவற்றுக்காக வாடிக்கையாளரிடம் வங்கி எழுதி வாங்கும் உடன்படிக்கையில் எவை இடம்பெறக் கூடாது, இடம்பெற்றாலும் எவை செல்லாது என்று சட்டம் வகுத்துள்ள எல்லையே வங்கி ஒப்பந்த வரம்பு. இந்தியாவில் இந்த எல்லை வட்டி விகிதத்தைத் தொடுவது குறைவு. வட்டியைக் கணக்கிடும் முறை, அபராதம், கடனை முடிக்கும் உரிமை, சொத்தைக் கைப்பற்றும் வழி ஆகியவற்றையே அது பெரிதும் கட்டுப்படுத்துகிறது.

சட்ட அடிப்படை

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பொதுக்கொள்கைக்கு முரணான உடன்பாடு செல்லாது என்கிறது. நீதிமன்றத்தை நாடும் உரிமையைப் பறிக்கும் உடன்பாட்டை 28-ஆம் பிரிவு செல்லாததாக்குகிறது. வங்கி உத்தரவாதத்துக்கு மட்டும் 2013 முதல் ஒரு விலக்கு உண்டு: உரிமை கோருவதற்கான காலம் ஓராண்டுக்குக் குறையாதிருந்தால், அதன்பின் பொறுப்பு முடிந்துவிடும் என்று எழுதிக்கொள்ளலாம்.

1949-ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, வங்கி தன் இயக்குநர்களுக்குக் கடன் தருவதைத் தடுக்கிறது. 21, 35ஏ பிரிவுகளின்கீழ் ரிசர்வ் வங்கி பிறப்பிக்கும் ஆணைகள் வங்கிகளைக் கட்டுப்படுத்தும். வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக மட்டும் வங்கிக் கடன் கணக்கை நீதிமன்றம் திறந்து பார்க்கக் கூடாது என்பது 1984-இல் சேர்ந்த 21ஏ பிரிவு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தத்துக்கு இலக்கணம் வகுத்து, அதைச் செல்லாதென அறிவிக்கும் அதிகாரத்தை மாநில, தேசிய ஆணையங்களுக்கு அளித்தது.

விவசாயக் கடன்

கர்நாடகத்தின் மண்டியா மாவட்டம் கரும்புக்குப் பெயர்பெற்றது. கரும்பு வெட்டுக்கு வர ஏறத்தாழ ஓராண்டாகும். அதுவரை விவசாயியின் கையில் காசு புரளாது. 12 சதவீத வட்டியில் 1,00,000 ரூபாய் வாங்கினால் ஆண்டு வட்டி 12,000 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை அசலோடு சேர்த்தால் அதே வட்டி 12,551 ரூபாயாகும். கூடுதலான 551 ரூபாய், பயிர் நிலத்தில் நிற்கும்போதே கட்டத் தவறியதாகக் கருதி வட்டிக்குப் போடும் வட்டி.

இந்த முறை விவசாயக் கடனுக்குப் பொருந்தாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 1986-இல் கர்ணம் ரங்கராவ் வழக்கில் தீர்ப்பளித்தது. கர்நாடகத்திலிருந்து சென்ற கார்ப்பரேஷன் வங்கி – டி.எஸ். கௌடா வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம், ரிசர்வ் வங்கியின் ஆணையை மீறி வசூலித்த வட்டியை ஆராய 21ஏ தடையில்லை என்றது. 2001-இல் ரவீந்திரா வழக்கில் அந்நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும், விவசாயக் கடனில் அப்பகுதியின் பயிர்ச் சுழற்சிக்கேற்ப ஆண்டுக்கு ஒருமுறையோ ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ தவிர வட்டியை அசலில் சேர்க்கக் கூடாது என்றது.

பெட்டகம்

மண்டியா மாவட்டத்து மேல்கோட்டைக் கோயிலில் செலுவநாராயண சுவாமிக்கு அணிவிக்கும் வைரமுடி என்ற கிரீடம் மண்டியா அரசுக் கருவூலத்தின் காப்பில் இருக்கிறது. விழா நாளில் போலீஸ் காவலோடு ஊருக்கு வருகிறது. வீட்டு நகையை வங்கிப் பெட்டகத்தில் வைப்பவருக்கோ, உள்ளே இருப்பதற்கு வங்கி பொறுப்பல்ல என்ற படிவ வாசகமே நெடுங்காலம் கிடைத்துவந்தது. அமிதாப தாஸ்குப்தா வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இப்போக்கைக் கண்டித்து, விதிகள் வகுக்குமாறு ரிசர்வ் வங்கிக்கு உத்தரவிட்டது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி தீ, திருட்டு, கட்டட இடிவு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால், வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு.

அபராதமும் கடன் முடிப்பும்

மாறும் வட்டியிலான வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பதற்குக் கட்டணம் வசூலிப்பதை ரிசர்வ் வங்கி 2012-இல் தடைசெய்தது. 2023 ஆகஸ்டில் அபராத வட்டி என்ற முறையையே நீக்கியது. தவறிய தவணைக்கு அபராதக் கட்டணம் விதிக்கலாம், ஆனால் அதை அசலில் சேர்க்கக் கூடாது. கடன் முழுதும் தீர்ந்தபின் 30 நாளில் சொத்துப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு.

சொத்தைக் கைப்பற்றுதல்

சர்ஃபாசி எனப்படும் 2002-ஆம் ஆண்டுச் சட்டம், 60 நாள் அறிவிப்புக்குப்பின் நீதிமன்றத்தை நாடாமலே ஈட்டுச் சொத்தைக் கைப்பற்ற வங்கிக்கு வழிவிடுகிறது. அதன் 31-ஆம் பிரிவு விவசாய நிலத்துக்கு விலக்களிக்கிறது. நிலப் பதிவேட்டில் விவசாய நிலம் என்றிருந்தால் மட்டும் போதாது; சாகுபடியும் நடக்க வேண்டும். இந்த விலக்கு அடமானத்தை ரத்துசெய்வதில்லை. வங்கி வழக்குத் தொடுத்து வசூலிக்கலாம். அடியாட்களை ஏவி வசூலிப்பதை 2007-இல் பிரகாஷ் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது.

எஞ்சும் சுதந்திரம்

மாநில வட்டிக்கடைச் சட்டங்கள், ரிசர்வ் வங்கியில் பதிவுபெற்ற நிதி நிறுவனங்களுக்குப் பொருந்தா என 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கடன் அட்டை நிலுவைக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி கூடாது என்ற தேசிய நுகர்வோர் ஆணையத்தின் 2008-ஆம் ஆண்டு ஆணையையும் 2024 டிசம்பரில் அதே நீதிமன்றம் ரத்துசெய்தது. இதன்படி, வட்டி விகிதத்துக்கு உச்சவரம்பு வேண்டுமா என்பதை முடிவுசெய்வது ரிசர்வ் வங்கியின் பொறுப்பு.