உழைத்த நடிகையும் உல்லாச இளவரசரும்



காந்தியடிகளும் கஸ்தூரிபாவும் 1942-இல் சிறை வைக்கப்பட்ட புனே ஆகா கான் மாளிகையைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். கஸ்தூரிபா 1944-இல் கண்மூடியதும் அங்கேதான். அதைக் கட்டியவர் இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவர் மூன்றாம் ஆகா கான். அவருடைய மகன் அலி கானின் காதல் கதை மட்டும் எந்தப் பாடப்புத்தகத்திலும் வராது!

அலி கானுக்குக் குதிரைப் பந்தயம், வேகமான கார், விருந்து இவைதான் உலகம். 1948 கோடையில் தென் பிரான்ஸில் ஒரு விருந்தில் ஹாலிவுட் நடிகை ரீட்டா ஹேவொர்த்தைச் சந்தித்தார். ‘கில்டா’ படத்தால் ரீட்டா புகழின் உச்சியில் இருந்த நேரம்.

இருவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ரீட்டாவின் இயற்பெயர் மார்கரிட்டா கான்சினோ. அப்பா ஸ்பெயினிலிருந்து வந்த நடனக் கலைஞர். நம் பிள்ளைகள் ஏழாவது, எட்டாவது படிக்கும் வயதில் அந்தச் சிறுமி அப்பாவுக்கு ஜோடியாக மெக்சிகோ எல்லைப்பக்கக் கிளப்புகளில் ஆடிச் சம்பாதித்தாள். படிப்பு பாதியில் நின்றது. சினிமாவுக்கு வந்ததும் ஸ்பானியச் சாயல் தெரியக்கூடாதென்று முன்நெற்றி முடியை மின்சாரம் பாய்ச்சி வேரோடு எடுத்தார்கள். தலைக்குச் சிவப்புச் சாயம் பூசி, பெயரையும் மாற்றினார்கள்.

1949 மே 27-இல் பிரான்ஸின் வல்லோரிஸ் நகர மன்றத்தில் திருமணம். டிசம்பரில் மகள் யாஸ்மின் பிறந்தாள். ரீட்டா தேடியது அமைதியான குடும்பம். அலி கானுக்கோ வீடு நிறைய விருந்தாளிகள் வேண்டும். 1951-இல் ரீட்டா அமெரிக்கா திரும்பி, மறுபடி நடிக்கப் போனார். 1953-இல் விவாகரத்து.

“பொண்ணு கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலிருந்து ஊர் முன்னால் ஆடிக் களைத்தவளை வீட்டுக்குள்ளும் ஊர் முன்னால் நிறுத்தினால் அவள் எங்கே போய் உட்காருவாள்?

அலி கானை வெறும் ஊதாரி என்று தள்ளிவிடவும் முடியாது. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர். ஆனால் 1957-இல் ஆகா கான் இறந்தபோது, உயிலில் தலைமைப் பொறுப்பு மகனுக்கு இல்லை. 20 வயதுப் பேரன் கரீமுக்கு! அந்த அடிக்குப் பிறகுதான் அலி கான் ஐ.நா. சபையில் பாகிஸ்தானின் பிரதிநிதியாகப் பொறுப்பேற்றார். 1960 மே மாதம் பாரிஸ் அருகே கார் விபத்தில் இறந்தார். வயது 48.

ரீட்டாவுக்குப் பிற்காலத்தில் நினைவு தப்பியது. வசனம் மறந்தது. குடிப்பழக்கம்தான் காரணம் என்றே பலரும் பேசினார்கள். அல்சைமர் நோய் என்று தெரிந்தபோது வருடங்கள் ஓடிவிட்டன. அந்த நோயின் பெயரே அன்று பலருக்குத் தெரியாது. மகள் யாஸ்மின் நியூயார்க்கில் பக்கத்திலேயே வைத்துக் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். 1987-இல் ரீட்டா மறைந்தார். அல்சைமர் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதையே யாஸ்மின் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார்.

ஆகா கானுக்கு 1946-இல் பம்பாயில் எடைக்கு எடை வைரம் நிறுத்த கதையை அடுத்த பதிவில் எழுதுகிறேன்.