ஒரு பூட்டைத் திறக்க 22 துடிப்பா, 1 துடிப்பா?

காமர்ஸ் மாணவனுக்கு கெர்னலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். வரிசைக் கவலை எங்களுக்கும் உண்டு. முதலில் குறிப்பேடு, பிறகுதான் பேரேடு. மாறினால் கணக்கு இடிக்கும். கணினிக்குள்ளும் இதே தலைவலிதான்!

நிரலில் நாம் 1, 2, 3 என்று எழுதிய வரிசையிலேயே செயலி நினைவகத்தைத் தொடும் என்ற உறுதி கிடையாது. செயலி வேகம், நினைவகம் மெதுவு. அதனால் எழுதவேண்டிய மதிப்பை ஒரு சின்ன இடைக்கிடங்கில் போட்டுவிட்டு செயலி அடுத்த வேலைக்குப் போய்விடும். ஒரே செயலி என்றால் யாருக்கும் தெரியாது. இரண்டு செயலிகள் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்தால்தான் வம்பு. "எழுதிவிட்டேன்" என்பார் ஒருவர். பக்கத்தில் இருப்பவருக்கோ பழைய மதிப்புதான் தெரியும்.

லெஸ்லி லாம்போர்ட் 1979-லேயே இதற்கு ஓர் இலக்கணம் சொன்னார். எல்லாச் செயலிகளின் வேலைகளும் ஒரே வரிசையில் நடந்தது போல விடை வரவேண்டும்; அதில் ஒவ்வொரு செயலியின் சொந்த வரிசையும் கலையக்கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வேகம் குறையும். அதனால் செயலி செய்தவர்கள் ஆளுக்கொரு அளவில் இந்த விதியைத் தளர்த்தினார்கள். 1992-ல் வந்த ஆல்ஃபா செயலி தளர்த்தியதில் உச்சம்.

இனி கதைக்கு வருவோம். 1999 நவம்பர், லினக்ஸ் கெர்னல் மடலாடற்குழு. ஒரு தரவை ஒரு நேரத்தில் ஒரு செயலி மட்டும் தொட வேண்டும் என்பதற்காக கெர்னலில் 'ஸ்பின்லாக்' என்ற பூட்டு உண்டு. இன்டெல் செயலிகளில் அதைத் திறக்க ஒரு விசேஷக் கட்டளை. சுமார் 22 கடிகாரத் துடிப்பு பிடிக்கும். சாதாரணமாக ஒரு மதிப்பை எழுதினாலே பூட்டு திறந்துவிடுமே, 1 துடிப்பு போதுமே என்றார் ஒரு நிரலாளர். கெர்னல் நொடிக்கு எத்தனை பூட்டு திறக்கும் என்று யோசித்தால் லாபம் புரியும்.

லினஸ் டோர்வால்ட்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. பழைய பென்டியத்தில் தப்பிக்கலாம், புதிய செயலிகளில் வரிசை கலைந்து பூட்டே நம்பமுடியாததாகிவிடும் என்றார். சோதித்துப் பார்த்தால் தெரியாதா? அதுதான் சிக்கல். இந்தப் பிழை எப்போதாவது ஒரு முறை தலைகாட்டும், தரவைக் கெடுக்கும், தடயமில்லாமல் மறையும்.

கடைசியில் இன்டெல் பொறியாளர் ஒருவரே வந்து விளக்கினார். அவர்கள் செயலியில் எழுத்துகள் எழுதிய வரிசையிலேயே மற்றவர்களுக்குத் தெரியும். முந்தைய வாசிப்பைப் பிந்தைய எழுத்து முந்தாது. ஆகவே திறக்க சாதாரண எழுத்தே போதும். லினஸ் ஏற்றுக்கொண்டார். பிந்தைய வாசிப்பு முந்தைய எழுத்தை முந்தலாம் என்பதால், பூட்டுவதற்கு மட்டும் விசேஷக் கட்டளை இன்றும் வேண்டும்.

எனக்கு இதில் உறைத்தது வேறு. அத்தனை கணினிகளின் தரவும் ஒரு வாய்மொழி உறுதியில் நின்றிருக்கிறது. 2006-ல் கெர்னலுக்குள்ளேயே இதற்கென ஓர் ஆவணம் சேர்ந்தது. இன்டெல் 2007-ல் தன் விதிகளைத் தனியாக வெளியிட்டது. 2018-ல் லினக்ஸ் 4.17 இதைக் கணித மாதிரியாகவே எழுதிவைத்தது.

ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கு என்பது வணிகச் சட்டத்தில் மட்டுமல்ல, சிலிக்கானிலும் செல்லுபடியாகிற பாடம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?